எவர்சில்வர் குடமும் இராணிப்பேட்டை மஞ்சள் நீரும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் வாழ்வோருக்குத் தோலைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டனார் தோல் மண்டி வைத்திருந்தார். தந்தையார் தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். மகள் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள் என்னும் குடும்பங்கள் அங்கே ஏராளம். ஹஜ்ஜுப் பெருநாளன்று நாம் மதரஸாவுக்கு அளிக்கும் குர்பானித் தோலும் உப்பிடப்பட்டு இவ்வூர்களை நோக்கிப் பயணப்படுவதுண்டு.

ஆயினும் அத்தோலைப் பதப்படுத்தும் பொருள் யாது, பதப்படுத்திய பின் அது எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? இதற்கான விடை பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. தனிமம், சேர்மம், கலவை என்னும் மூன்று சொற்களை நாம் தேர்வுக்காகப் படித்தோம்; தேர்வு முடிந்ததும் மறந்தோம். நம் குடிநீரின் நலமோ அம்மூன்று சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது.

மூன்று சொற்கள்

இடத்தை அடைத்துக்கொண்டு எடையும் உடையதாக இருக்கும் யாவும் பருப்பொருளே. அதில், எந்த வேதி முறையாலும் மேலும் எளிய பொருளாகப் பிரிக்க இயலாதது தனிமம். பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, கந்தகம் யாவும் தனிமங்கள். இன்று அறியப்பட்டுள்ள தனிமங்கள் 118.

தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதி முறையில் இணைந்து, தம் பழைய இயல்பை இழந்து, புதிய பொருளாக மாறினால் அது சேர்மம். சோடியம், தண்ணீர் பட்டால் சீறி எரியும் உலோகம். குளோரின், மூச்சை அடைக்கும் நச்சு வாயு. இவ்விரண்டும் இணைந்தால் கிடைப்பதோ நாம் உணவில் இடும் உப்பு!

பொருள்கள் இவ்வாறு மாறாமல், எந்த விகிதத்திலும் ஒன்றோடொன்று கலந்து நிற்பது கலவை. நோன்புக் கஞ்சி ஒரு கலவை; உப்பு நீரும் ஒரு கலவையே.

ஒரே தனிமம், மூன்று இல்லங்கள்

தனிம அட்டவணையில் 24ஆம் இடத்தில் இருப்பது குரோமியம். 1797ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் வோக்லான், சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறத் தாது ஒன்றில் இதனைக் கண்டறிந்தார். கிரேக்க மொழியில் குரோமா என்றால் நிறம். மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் குரோமியமே காரணம் என்பதை அறிந்தால், இப்பெயர் எத்துணைப் பொருத்தமானது என்பது விளங்கும்.

இத்தனிமம் முதலில் குடியிருப்பது நம் சமையலறையில். எவர்சில்வர் குடமும் தட்டும் இரும்புடன் குரோமியம் சேர்ந்த உலோகக் கலவை. பாத்திரங்களில் குரோமியம் நூற்றுக்கு 18 பங்கு வரை இருப்பதுண்டு. அது காற்றுடன் கூடி மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிவதால்தான் பாத்திரம் துருப்பிடிப்பதில்லை.

இரண்டாவது இருப்பிடம் தோல் சுழலும் டிரம். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு வாரக்கணக்கில் தோலை ஊறவைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் குரோம் முறையை அறிமுகப்படுத்தினார். குரோமியம், கந்தகம், ஆக்சிஜன் முதலியன சேர்ந்த குரோமியம் சல்பேட் உப்பு, தோலின் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பச்சைத் தோல் கொதிநீரில் சுருங்கிவிடும். குரோம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். நீலம் பூத்த அத்தோலையே 'வெட் புளூ' என்கின்றனர்.

மூன்றாவது இருப்பிடம் வேதனைக்குரியது. இராணிப்பேட்டையில் இயங்கி மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்று, லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை விட்டுச் சென்றது. அங்கிருந்து கசிந்த நீர் மஞ்சளாக இருந்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

மூன்று இடங்களிலும் இருப்பது ஒரே தனிமம்தான். ஆனால் தோலில் உள்ளது குரோமியத்தின் மூன்றாம் நிலை. மஞ்சள் நீரில் உள்ளது ஆறாம் நிலை. குரோமியம் இழந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கையே இந்த வேறுபாடு. மூன்றாம் நிலை நீரில் எளிதில் பரவாது. உடலும் அதனை மிகக் குறைவாகவே ஏற்கும். ஆறாம் நிலையோ நீரில் எளிதில் கரைந்து ஓடும்; தோலைப் புண்ணாக்கும்; சுவாசத்துடன் தொடர்ந்து உட்சென்றால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும்.

அழுகாத கழிவு

காய்கறிக் கழிவைப் புதைத்தால் சில மாதங்களில் மண்ணாகிவிடும். குரோமியம் அவ்வாறு ஆவதில்லை. அது தனிமம், தீயாலும் மழையாலும் காலத்தாலும் அது வேறொன்றாவதில்லை. ஓரிடத்திலிருந்து அகற்றினால் வேறோரிடத்திற்குச் செல்லும், அவ்வளவே.

டிரம்மில் இடும் குரோமியம் முழுவதையும் தோல் ஏற்பதில்லை. எஞ்சியது கழிவுநீரில் செல்கிறது. தோலில் தடவிய உப்பும் அதனுடன் செல்கிறது. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்ட வரலாறு இதுவே. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் வேலூர்ப் பகுதிக்காகவே, இழப்பீட்டையும் சீரமைப்பையும் வலியுறுத்தித் தீர்ப்பு வழங்க நேர்ந்தது.

எனினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. அழியாத பொருளை மீட்டெடுக்கவும் முடியுமல்லவா? கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடு இட்டுக் குரோமியத்தை வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் தோலுக்கே பயன்படுத்தலாம். நம் நாட்டு மருத்துவர்கள் அறிந்த அன்னபேதியைக் கொண்டே ஆறாம் நிலைக் குரோமியத்தை மூன்றாம் நிலைக்கு மாற்றிவிடலாம். வழி இருக்கிறது, அதற்குரிய செலவும் அக்கறையுமே வேண்டும்.

தாய்மார்களின் கவனத்திற்கு

கிணற்று நீரைக் காய்ச்சினால் கிருமிகள் மடியும். கரைந்த உப்பும் குரோமியமும் போகா. நீர் ஆவியாகக் குறையுமேயன்றி, உப்பு அப்படியே தங்கி மேலும் செறிவாகும். துணியில் வடிகட்டினாலும் கரைந்த பொருள் நீங்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவிகள் இவற்றைப் பெருமளவு பிரித்துவிடும். ஒரு லிட்டர் குடிநீரில் குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தரநிலை. நாவாலும் கண்ணாலும் இதனை அளக்க இயலாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் நீரைச் சோதித்தறிவதே முறை.

மற்றொன்றையும் மறவாதீர்கள். வெட்டி எறியும் தோல் துண்டுகள் வெந்நீர் அடுப்புக்கு உதவுமே என்று தோன்றலாம். அருள்கூர்ந்து எரிக்க வேண்டாம். தோலில் சாதுவாக இருந்த மூன்றாம் நிலைக் குரோமியம், தீயில் காற்றுடன் கூடி, சாம்பலில் கொடிய ஆறாம் நிலையாக மாறக்கூடும். அந்தச் சாம்பலைக் கொண்டு எவர்சில்வர் குடத்தைத் துலக்கினால், நஞ்சை நாமே கையால் அள்ளுகிறோம் என்பதே பொருள்.

பாடநூலுடன் அமரும் பிள்ளையிடம் இன்று கேட்டுப் பாருங்கள்: "தனிமம் என்றால் என்ன?" அப்பிள்ளை விடை சொன்னதும், நம் ஊர்த் தண்ணீரின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அப்பாடம் பிறகு மறவாது.