சிம் எத்தனை என்று யார் எழுதி வைத்தார்?



போன குறுவையின்போது எங்க ஆயில் இன்ஜின் 'டக் டக்'கென்று அடித்தது. வந்த மெக்கானிக் ஃப்யூயல் பம்புக்கு அடியில் ஒரு சிம் கூடுதலாக வைத்தார். அடுத்த வாரம் வந்த வேறொருவர், அது தெரியாமல் இன்னொன்று வைத்தார். அவ்வளவுதான், வெள்ளைப் புகை! ஸ்டார்ட்டே ஆகவில்லை. நாற்றங்கால் இரண்டு நாள் காய்ந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பம்பைக் கழற்றி சிம்மை எண்ணியவன் நான்தான். எங்க வீட்டில் பத்தாவது தாண்டியவனும் நான்தான்.

இன்றைய வண்டிகளில் அந்த சிம்மின் வேலையை எண்கள் செய்கின்றன. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ். 6 விதி வந்ததும் பெரும்பாலான பைக்குகளில்கூட கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இந்த வேகத்தில், இந்த லோடில் எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்று இ.சி.யு.வுக்குள் அட்டவணை அட்டவணையாக ஆயிரக்கணக்கான எண்கள். அவற்றைச் சோதித்து நிர்ணயிப்பதுதான் காலிபரேஷன்.

இது ஒருவர் வேலை அல்ல. ஒருவர் குளிர் ஸ்டார்ட்டைப் பார்ப்பார், ஒருவர் மைலேஜை, இன்னொருவர் புகையை. டீசலில் இன்ஜெக்‌ஷனைச் சற்று முன்னால் தள்ளினால் மைலேஜ் கூடும். கூடவே நைட்ரஜன் ஆக்சைடும் கூடும். ஒருவர் திருத்தியது மற்றவர் உழைப்பைக் கெடுத்துவிடும். அதனால் எந்த எண்ணை, யார், என்றைக்கு, ஏன் மாற்றினார், எந்த இன்ஜினில் சோதித்தார் என்று குறித்து, பழைய எண்ணையும் பத்திரப்படுத்த வேண்டும்.

குறிப்பு இருந்தால் மட்டும் போதாது, நேர்மையும் வேண்டும். டெஸ்ட் நேரத்தில் மட்டும் புகையை அடக்கும் சாஃப்ட்வேரை ஃபோக்ஸ்வேகன் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் அம்பலமானது. உலகம் முழுக்கச் சுமார் 1.1 கோடி வண்டிகள்!

நாம் என்ன செய்கிறோம்? சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுகிறோம். நானும் எழுதியவன்தான். "எழுதுறது கிளார்க் வேலைடா, ஸ்பேனர் பிடிக்கிறதுதான் நம்ம வேலை" என்கிறார்கள் நண்பர்கள். நான் ஒப்பமாட்டேன். நாளை ஒரகடத்துக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போகும்போது, இந்தப் பழக்கமும் நம்மோடுதானே வரும்?

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. நம் லேபில் ஒவ்வொரு இன்ஜின் பக்கத்திலும் ஒரு நோட்டும் பேனாவும் கட்டித் தொங்கவிடுவோம். தொட்டவர் எழுதட்டும், தப்பு செய்தாலும் எழுதட்டும். எங்க கொட்டகையில் அப்படி ஒரு நோட்டு இப்போது தொங்குகிறது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மெக்கானிக் வந்தால் முதலில் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்.

உண்மையை எழுதுவோம்! உயர்வோம்!

— மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்