கண்ணாற் கேட்போர்

விரித்த கூந்தலும் முகப்பூச்சுமாய் மேடையேறினர் என்பதற்காக, 1980களின் அமெரிக்க ‘ஹெயார் மெற்றல்’ குழுவினரைக் கற்றோர் பலர் இகழ்வர். தோற்றங் கண்டு எள்ளுதல் தகாதென்பது வள்ளுவர் வகுத்த நெறி. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ‘றற்’ குழுவின் வாரன் டிமார்ட்டினியை அந்நெறி நின்று கேட்டல் வேண்டும் என்பேன்.

1984இல் ‘அவுட் ஒவ் த செலர்’ இசைத்தட்டு வெளிவந்தபோது அவருக்கு அகவை 20. அதிலுள்ள ‘றவுண்ட் அன்ட் றவுண்ட்’ பாடலில் அவரது கிற்றாரும் றொபின் குறொஸ்பியின் கிற்றாரும் இணைந்தொலிக்கும் பகுதியை மாணவர் செவிமடுப்பாராக. ஆங்கே விரைவு உண்டு. விரைவைக் காட்டும் வேட்கை இல்லை. ஒவ்வொரு சுரமும் பாட்டின் பொருட்டே நிற்கின்றது.

எடி வான் ஹேலனைப் போற்றும் நாக்கள் பல இவர் பெயரை மொழிவதில்லை. குற்றம் கலைஞரதன்று, கண்ணாற் கேட்டோரதே.