400 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

கோயம்புத்தூர்–சென்னை விமான தூரம் எவ்வளவுன்னு நெட்ல தட்டினா, சுமார் 400 கிலோமீட்டர்னு வரும். ஜெட் விமானத்தோட வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். வகுத்தா அரை மணி நேரம். ஆனா டிக்கெட்ல 1 மணி 10, 15 நிமிஷம்னு போட்டிருக்கும். மீதி நேரம் எங்கே போச்சு?

டிக்கெட்ல இருக்கிறது வெறும் பறக்குற நேரம் இல்லை. அதுக்கு 'பிளாக் டைம்'னு பேரு. விமானம் நின்ன இடத்தை விட்டு நகர்றதுல தொடங்கி, அந்தப் பக்கம் போய் நிற்கிற வரைக்கும் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, வரிசையில காத்திருக்கிறது எல்லாம் இதுல அடக்கம். தூரமும் குறைவு. முழு வேகத்தைத் தொட்ட கொஞ்ச நேரத்துலயே இறங்க ஆரம்பிச்சுடணும். சராசரி போட்டுப் பார்த்தா மணிக்கு 350 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது.

அதுவும் ஏர்போர்ட்ல இருந்து ஏர்போர்ட்டுக்குத்தான். நாம யாரும் ஏர்போர்ட்ல குடியிருக்கலையே! காந்திபுரத்துல இருந்து கிளம்பினா பீளமேடு தாண்டிப் போக 40 நிமிஷம். 2 மணி நேரம் முன்னாடியே வரச் சொல்றாங்க. பறந்து இறங்கி, பெல்ட்ல பை வர்ற வரைக்கும் நின்னு, மெட்ரோ பிடிச்சு சென்ட்ரல் போய்ச் சேரும்போது 5 மணி நேரம் தாண்டியிருக்கும்.

2023 ஏப்ரல்ல வந்த வந்தே பாரத், கோவையில காலை 6 மணிக்கு எடுத்து 5 மணி 50 நிமிஷத்துல சென்ட்ரல்லயே இறக்கி விடுது. ஸ்டேஷனுக்குப் போற நேரத்தையும் சேர்த்து ஆறரை மணி நேரம்னு வைங்க. ஆக, விமானத்தோட லாபம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. டெல்லிக்குப் போறவங்க கதை வேற. ரயில்னா ஒரு நாளுக்கு மேல ஆகும், விமானம்னா 3 மணி நேரம். அங்கே பறக்குறதுல அர்த்தம் இருக்கு.

இந்தக் கணக்கை நான் இழுக்கிறதுக்குக் காரணம் பரந்தூர். சென்னையோட இரண்டாவது விமான நிலையம் அங்கேதான் வரப்போகுது. நகரத்துல இருந்து 60 கிலோமீட்டருக்கு மேல. கோவை விமானத்தை அங்கே மாத்தினா, சென்ட்ரலுக்கு ரோட்டுல வரவே இன்னும் ஒரு மணி நேரம் கூடும். இருந்த லாபமும் காலி.

மீனம்பாக்கத்துல இடம் பத்தலைன்னு சொல்றாங்க. அது உண்மைதான். ஆனா அங்கே கோவை, திருச்சி, மதுரைன்னு குட்டி தூரத்துக்குப் பறக்குற விமானங்களும் அதே ஓடுபாதையைத்தான் பிடிச்சு வச்சிருக்கு. இன்னும் நாலு வந்தே பாரத் விட்டு, அதுல எத்தனையைக் குறைக்கலாம்னு வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் நேரம் போட்டு அரசு வெளியிடட்டும். ஏகனாபுரம் மக்கள் 2022ல இருந்து வயலுக்காகவும் ஏரிக்காகவும் போராடிக்கிட்டு இருக்காங்க. அந்தக் கணக்கை முதல்ல அவங்ககிட்டதான் காட்டணும்.