சி டிரைவை ஃபார்மட் செய்யப் போறீங்களா? ஆக்சஸ் பயன்படுத்துவோர் ஒரு நிமிடம் கவனிக்க!

கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: ‘‘சி டிரைவை மட்டும் ஃபார்மட் பண்ணிடலாம். டி டிரைவுல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது.’’

டி டிரைவில் போட்டுவைத்த பாட்டுக்கும் போட்டோவுக்கும் இது சரி. ஆனால் கடையின் வாடிக்கையாளர் பட்டியல், டியூஷன் ஃபீஸ் விவரம், சங்கத்தின் சந்தாக் கணக்கு போன்றவற்றை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் வைத்திருப்பவர்களுக்கு இது பாதி உண்மைதான். காரணம், ஆக்சஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. ஃபைல், விண்டோஸ் யூசர் கணக்கு, சாஃப்ட்வேரின் சொந்த ஃபோல்டர் என மூன்று இடங்களில் பிரித்து வைக்கிறது.

ஃபைலுக்குள் இருப்பவை

1992-ல் அறிமுகமான ஆக்சஸின் பெரிய வசதியே, டேபிள், குவெரி, ஃபார்ம், ரிப்போர்ட், மேக்ரோ எல்லாம் ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிடுவதுதான். 2007 பதிப்பிலிருந்து இந்த ஃபைலின் பெயர் ‘ஏசிசிடிபி’ என்று முடியும். பழையது என்றால் ‘எம்டிபி’. ஃபைலைத் திறந்ததும் எந்த ஃபார்ம் முதலில் வர வேண்டும், மேலே என்ன தலைப்பு தெரிய வேண்டும், எக்செல்லில் இருந்து தகவலை இழுப்பதற்குச் சேமித்துவைத்த முறை ஆகியவையும் இதற்குள்ளேயே இருக்கும். ஃபைலைக் காப்பி செய்தால் இவையும் கூடவே வரும்.

ஆனால் அந்த ஃபைல் எங்கே இருக்கிறது? வேறு இடம் காட்டாதவரை ஆக்சஸ் புதிய ஃபைலை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில்தான் சேமிக்கும். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டும் வழக்கமாக இருப்பது சி டிரைவில். ‘டி-யில்தானே இருக்கும்’ என்ற நம்பிக்கையில் ஃபார்மட் செய்தால், செட்டிங்ஸ் மட்டுமல்ல, கணக்கே போய்விடும்.

யூசர் கணக்கில் இருப்பவை

என்டர் கீயைத் தட்டினால் கர்சர் எங்கே போக வேண்டும், ஒரு பதிவை அழிக்கும்முன் ‘நிச்சயமா?’ என்று கேட்க வேண்டுமா என்பது போன்ற விருப்பங்கள் ஃபைலில் இல்லை. அவை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில், அந்தந்த யூசரின் பெயரில் பதிவாகின்றன. ஒரே கம்ப்யூட்டரில் அப்பாவுக்கு ஒரு லாகின், மகளுக்கு ஒரு லாகின் இருந்தால், ஒரே ஃபைல் இருவரிடமும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

இதில் முக்கியமானது, ‘நம்பகமான இடங்கள்’ பட்டியல். இந்த ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை நம்பலாம் என்று எப்போதோ ஒருமுறை சொல்லியிருப்போம். புதிய விண்டோஸில் அந்தப் பட்டியல் இருக்காது. உடனே மேலே எச்சரிக்கைப் பட்டை தோன்றும். அனுமதி கொடுக்கும்வரை பில் போடும் பட்டன் வேலை செய்யாது. ஃபைல் கெட்டுவிட்டது என்று பலர் பயந்துபோவது இந்த இடத்தில்தான். உண்மையில் ஃபைலுக்கு எந்தக் குறையும் இல்லை.

மேலே சேர்த்துவைத்த பட்டன்களும், மாற்றியமைத்த மெனுவும் ‘ஆப்டேட்டா’ என்ற ஃபோல்டருக்குள் தனி ஃபைலாக இருக்கும். இந்த ஃபோல்டரை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கும் என்பதால், காப்பி எடுப்பவர் கண்ணில் படாது.

விஸார்டின் வீடு

‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று கேள்வி கேட்டு ரிப்போர்ட்டோ முகவரி லேபிளோ தயாரித்துக் கொடுக்கும் விஸார்டுகளும் ஆக்சஸிலேயே எழுதப்பட்ட டேட்டாபேஸ்கள்தான். சாஃப்ட்வேர் இருக்கும் இடத்தில் ‘ஏசிசிவிஸ்’ என்ற ஃபோல்டரில் அவை இருக்கும். இவற்றைக் காப்பி செய்யத் தேவையில்லை. ஆக்சஸை மறுபடி இன்ஸ்டால் செய்தால் தானாக வந்துவிடும்.

விஸார்டு தயாரித்துக் கொடுத்த ரிப்போர்ட், உங்கள் ஃபைலுக்குள் சேர்ந்துவிடும். ஆனால் லேபிள் விஸார்டில் நீங்களே அளவு கொடுத்து உருவாக்கிய லேபிள் வகை அப்படியல்ல. அது யூசர் கணக்கோடு சேர்ந்தது, ஃபைலோடு வராது. அந்த அளவுகளை ஒரு தாளில் குறித்துவைப்பதே எளிய வழி.

லிப்ரே ஆபீஸிலும் இதே கதை

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் பேஸ் பயன்படுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். விண்டோஸில் அதன் செட்டிங்ஸ் அனைத்தும் ஆப்டேட்டா, ரோமிங், லிப்ரே ஆபீஸ், 4, யூசர் என்ற வரிசையில் உள்ளே போனால் கிடைக்கும். எந்த டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது என்ற பதிவும் அதில்தான் உள்ளது. அது போனால், அந்த டேட்டாபேஸை நம்பி ரைட்டரில் தயாரித்துவைத்த முகவரிக் கடிதங்கள் விலாசம் தெரியாமல் நின்றுவிடும். லிப்ரே ஆபீஸை மூடிவிட்டு அந்த யூசர் ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுத்துவைப்பது நல்லது.

ஃபார்மட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

* ஆக்சஸில் ஃபைல் மெனுவைத் திறந்து, ஃபைல் எந்த டிரைவில் இருக்கிறது என்று பாருங்கள்.

* ஆக்சஸை மூடிய பிறகே காப்பி எடுங்கள். பக்கத்தில் ‘எல்ஏசிசிடிபி’ என்று முடியும் சின்ன ஃபைல் தெரிந்தால், பெரும்பாலும் யாரோ இன்னும் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

* டேபிள்கள் தனி ஃபைலில் இருந்தால், இரண்டு ஃபைலையும் எடுங்கள். பழைய ஃபோல்டர் பெயரையே புதிய கம்ப்யூட்டரிலும் வையுங்கள். பெயர் மாறினால், லிங்க்டு டேபிள் மேனேஜரில் புதிய இடத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.

* ஆப்ஷன்ஸில், ரிப்பனை மாற்றியமைக்கும் பக்கத்தின் கீழே ‘இம்போர்ட்/எக்ஸ்போர்ட்’ பட்டன் உண்டு. அதை அழுத்தி பட்டன், மெனு மாற்றங்களைச் சேமியுங்கள்.

* நம்பகமான இடங்கள் பட்டியலை போனில் படம் எடுத்துவையுங்கள். ஆப்ஷன்ஸில் டிரஸ்ட் சென்டருக்குள் அது இருக்கும்.

கடைசியாக, காப்பி எடுத்த பென் டிரைவை ஆக்சஸ் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, ஃபைல் திறக்கிறதா, ஒரு பில் பிரின்ட் ஆகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு சர்வீஸ்காரரிடம் ‘சரி’ சொல்லலாம்.