வாகையும் வல்லமையும்

பந்தாட்டம் ஒன்று முடிவதற்கு இரண்டு மணித்தியாலம் போதும். அவ்வாட்டத்தைப் பற்றிய வாதம் முடிவதற்கோ இருபது ஆண்டும் போதா. பழைய மாணவர் கூடும் இடங்களில் இவ்வுண்மையை எவரும் காணலாம். படித்த பாடங்களை மறந்தோர் பலர். பரீட்சைப் பெறுபேறுகளை மறக்க விரும்புவோர் அவரினும் பலர். ஆயின், இன்னார் எறிந்த பந்து வளையத்தினுள் வீழ்ந்ததோ, விளிம்பிற் பட்டுத் தெறித்ததோ என்பதை மறந்தார் ஒருவருமிலர். “அவனைப் போன்ற ஆட்டக்காரன் பின்னர் வரவில்லை” என்பார் ஒருவர். “தருணத்திற் கைவிட்டவன் அல்லனோ?” என்பார் மற்றொருவர். இவ்விருவர்க்கும் நடுவே நின்று தீர்ப்புக் கூறுவது எங்ஙனம்? ஓர் ஆட்டக்காரனின் வல்லமையை எக்கோல் கொண்டு அளத்தல் வேண்டும்? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றேன்.

நம்மவர் ஒருவரை எடுத்துக்கொள்ளின் நட்பும் பகையும் இடையே புகும். ஆதலின், கடல்கடந்த நாடொன்றில் நிகழ்ந்த, யாவரும் அறிந்த வழக்கொன்றை எடுத்துக்கொள்கின்றேன். அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்தாட்டத்திற் டலஸ் மவரிக்ஸ் அணியின் தலைமை வீரராய் விளங்கிய டேர்க் நொவிற்ஸ்கி என்பவரைப் பற்றி, அவ்வணியின் இரசிகர் பல்லாண்டுகள் தமக்குள்ளே பிணங்கிய வழக்கே அது.

கூடைப்பந்தாட்டத்தில் ஓரணிக்கு ஐவர். அவருள் ‘பவர் போர்வேட்’ எனப்படுபவர் வளையத்திற்கு அண்மையில் நின்று, உடல்வலியால் எதிரியை மறித்து, மீளும் பந்தைப் பறித்து, கிட்ட நின்றே புள்ளி சேர்ப்பவர் என்பது பழைய இலக்கணம். நொவிற்ஸ்கி அவ்விலக்கணத்தை மீறியவர். 1978 ஆம் ஆண்டு ஜேர்மனியில் வூர்ஸ்பேர்க் நகரிற் பிறந்த அவர் ஏழடி உயரத்தினர். அவருக்குப் பயிற்சியளித்தவர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர். 1972 இல் மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் ஆடிய ஜேர்மன் அணியின் தலைவர், கணிதமும் பௌதிகமும் கற்றவர். பந்து எக்கோணத்தில் எழுந்தால் வளையத்துள் வீழும் என்பதைக் கணித்து, அதற்கேற்ப மாணவனின் கையையும் காலையும் பழக்கினார் அவ்வாசான். அதன் பயனாக நெடியவரான நொவிற்ஸ்கி குறியவர் போலத் தொலைவில் நின்று எறியக் கற்றார். ஒற்றைக்கால் ஊன்றி, உடலைப் பின்னே சாய்த்து, தலைக்கு மேலே உயர்த்தி அவர் எறியும் பந்தைத் தடுத்தல் எதிரிக்கு அரிது. 1998 இல் டலஸ் அணியிற் சேர்ந்தவர் 2019 வரை 21 பருவங்கள் அவ்வொரே அணிக்கு ஆடினார். இத்துணைக் காலம் ஒரே அணியில் நின்று ஆடியவர் அச்சங்கத்தில் அவருக்கு முன் எவருமிலர்.

இனி வழக்கிற்கு வருவோம். அவரைக் குறை கூறியோர் இரண்டு சான்றுகளைக் காட்டினர். முதலாவது, 2006 ஆம் ஆண்டின் இறுதிப் போட்டித் தொடர். மயாமி ஹீற் அணியை எதிர்த்து முதலிரண்டு ஆட்டங்களையும் டலஸ் வென்றது. மூன்றாம் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் 13 புள்ளிகள் முன்னின்றும் அம்முன்னணியை இழந்தது. முடிவதற்கு மூன்று வினாடிகளும் சிறிதுமே எஞ்சியிருக்க, இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், நொவிற்ஸ்கிக்கு இரண்டு தண்ட எறிவுகள் கிடைத்தன. முதலாவது வீழ்ந்தது, இரண்டாவது தவறியது. 98க்கு 96 எனத் தோற்ற டலஸ் அணி, அதன்பின் ஓராட்டமும் வெல்லாது தொடரையே இழந்தது. இரண்டாவது சான்று, அடுத்த ஆண்டு நிகழ்ந்தது. 2007 இல் 82 ஆட்டங்களில் 67 ஐ வென்று முதலிடம் பெற்ற டலஸ், எட்டாமிடத்தினரான கோல்டன் ஸ்ரேற் வொறியேர்ஸ் அணியிடம் முதற் சுற்றிலேயே வீழ்ந்தது. கடைசி ஆட்டத்தில் நொவிற்ஸ்கி ஈட்டியவை எட்டுப் புள்ளிகளே. அத்தோல்வி நிகழ்ந்து இரு வாரங்கள் செல்லாமுன், அவ்வாண்டின் மிகப் பெறுமதி வாய்ந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கு வழங்கப்பெற்றது. தலைகுனிந்து விருது பெற்ற வீரரைக் கண்டு, “இவர் மென்மையர், நெஞ்சுரம் அற்றவர், இவரை நம்பி வாகை சூடல் இயலாது” எனத் தீர்ப்பு எழுதினர் பலர்.

அவர் பக்கம் நின்றோரும் வாளாவிருந்திலர். அதே 2006 இல், முந்திய ஆண்டு வாகை சூடிய சன் அன்ரோனியோ அணியை அதன் சொந்த மண்ணிலேயே ஏழாம் ஆட்டத்தில் வென்றபோது, 37 புள்ளிகளும் 15 மீள்பந்துகளும் பெற்றவர் யார் என வினவினர். மூன்று புள்ளி பின்தங்கிய கடைசிக் கணங்களிற் கூடையில் இட்டு, எதிரி இழைத்த தவறால் ஒரு தண்ட எறிவும் பெற்று, ஆட்டத்தைச் சமன் செய்தவர் நெஞ்சுரம் அற்றவரோ என்றனர். அடுத்த சுற்றிற் பீனிக்ஸ் அணிக்கு எதிராக ஓராட்டத்தில் 50 புள்ளிகள் ஈட்டியதையும் எடுத்துக்காட்டினர். இவற்றினும் வலிய சான்று ஒன்றுண்டு. அவர்தம் வாழ்நாட் சராசரி, சாதாரண ஆட்டங்களில் 20.7 புள்ளிகளும் 7.5 மீள்பந்துகளும் ஆகும். தோற்றால் வெளியேற நேரும் பிற்பருவத் தொடர்களிலோ அவை 25.3 உம் 10.0 உம் ஆக உயர்ந்தன. நெருக்கடியில் நடுங்குபவரின் கணக்கு நெருக்கடியில் உயருதல் யாங்ஙனம்?

இவ்வாதம் ஐந்தாண்டுகள் முடிவின்றி நடந்தது. 2011 இல் ஒரே திங்களில் அது முடிந்தது. அன்றேல், முடிந்ததாக யாவரும் கருதினர். இறுதித் தொடரில் அதே மயாமி அணி எதிர்நின்றது. லெப்றோன் ஜேம்ஸ் முதலாய பெருவீரர் அவ்வணியில் ஒன்றுசேர்ந்திருந்தனர். முதலாம் ஆட்டத்தில் நொவிற்ஸ்கியின் இடக்கை நடுவிரலின் தசைநார் அறுந்தது. இரண்டாம் ஆட்டத்தில் 15 புள்ளிகள் பின்னின்ற டலஸ் அணி மீண்டெழுந்தபோது, வெற்றி தந்த கடைசிப் பந்தை அவர் அவ்விடக்கையாலேயே கூடையில் இட்டார். நான்காம் ஆட்டத்தைக் கடுங் காய்ச்சலுடன் ஆடி வென்றார். ஆறாம் ஆட்டத்துடன் டலஸ் வாகை சூடியது. அத்தொடரின் சிறந்த வீரர் விருதும் அவர்க்கே உரியதாயிற்று. ‘மென்மையர்’ என்றோர் மறுநாளே ‘மாவீரர்’ என்றனர்.

இவ்விடத்திலேதான் யான் மாறுபடுகின்றேன். வாகை சூடியமையால் அவர் வல்லவர் ஆயினார் எனின், அதற்கு முந்திய நாள் அவர் யாராயிருந்தார்? கையும் காலும் கண்ணும் அவையே. எறியும் முறையும் அதுவே. ஓரிரவில் மாறியது அவரன்று. அவரை நோக்கியோர் கண்களே.

வாகையே அளவுகோல் எனக் கொள்வார் சில முடிபுகளையும் உடன்கொள்ளல் வேண்டும். றொபேட் ஹொரி என்னும் முன்னணி வீரர் மூன்று அணிகளில் ஆடி ஏழு வாகைகளிற் பங்குபெற்றவர். தக்க தருணங்களில் நன்கு எறிந்தவர். ஆயின், ஆண்டுதோறும் தெரிவாகும் நட்சத்திர வீரர் அணியில் ஒருமுறையேனும் இடம்பெற்றவரல்லர். கார்ள் மலோன் 36,928 புள்ளிகள் ஈட்டியவர். இருமுறை மிகப் பெறுமதி வாய்ந்த ஆட்டக்காரர் எனப் பாராட்டப்பெற்றவர். 1997 இலும் 1998 இலும் சிக்காகோ அணியிடம் இறுதித் தொடரில் தோற்றமையால் வாகையின்றி ஓய்ந்தவர். வாகையை எண்ணித் தரம் பிரிப்பின் ஹொரி மேலோர், மலோன் கீழோர் ஆவர். இதனை எந்த இரசிகரும் ஒப்புவரோ? கெவின் கார்னெற் மினசோட்டா அணியில் 12 பருவங்கள் ஆடியும் வாகை காணாதவர். 2007 இற் பொஸ்ரன் அணிக்குச் சென்று 2008 இல் வாகை சூடினார். மாறியது அவர் திறமையோ, அவரைச் சூழ்ந்து நின்ற துணைவரோ? வாகை ஐவருக்கும், அவர்க்குப் பின்னே அமர்ந்திருப்போர்க்கும் உரியது. அதனை ஒருவரின் திறமைக்கு அளவுகோலாக்குதல் ஊரார் விளைத்த நெல்லை ஒருவன் களஞ்சியத்தில் அளத்தலை ஒக்கும்.

அங்ஙனமாயின், குறை கூறியோர் யாவரும் அறிவிலிகளோ? அல்லர். குறை கூறுவார் இருதிறத்தினர் என்பதை நாம் பிரித்துணர்தல் வேண்டும்.

2007 இல் டலஸ் அணியை வீழ்த்திய வொறியேர்ஸ் அணியின் பயிற்சியாளர் டொன் நெல்சன். இவரே நொவிற்ஸ்கியை டலஸ் அணிக்குக் கொணர்ந்து வளர்த்த முதற் பயிற்சியாளர். தம் மாணவரின் குறையை நன்கறிந்த அவர், உயரத்திற் குறைந்த விரைவான வீரரை நொவிற்ஸ்கியின் உடலோடு ஒட்டி நிற்கச் செய்தார். பந்து கைக்கு வந்தவுடன் இருவர் சூழ்ந்தனர். குறியவரைத் தோளால் தள்ளி உள்ளே செல்லும் கலை அக்காலத்தில் நொவிற்ஸ்கிக்கு முற்றக் கைவந்திலது. ‘இவர்க்கு இக்கலை போதாது, எதிரியைக் காக்கும் திறனும் நடுத்தரமே’ எனக் கூறியோர் உள்ளதைக் கூறினர். அக்குறை திருத்தக்கது, அவரும் திருத்திக்கொண்டார். பின்னாளில் தண்ட எறிவுக் கோட்டின் அருகே முதுகு காட்டி நின்று, குறியவர் வரின் மேலே எறிந்தும், நெடியவர் வரின் கடந்து சென்றும் அவர் ஆடிய ஆட்டம் அத்தோல்வியிற் கற்ற பாடத்தின் பயனே. 2011 இல் ஒக்லகோமா அணிக்கு எதிரான ஓராட்டத்தில் அவர் 48 புள்ளிகள் ஈட்டினார். தண்ட எறிவுகள் 24 இல் ஒன்றும் தவறவில்லை. தடுக்க முயன்றோர் இழைத்த தவறுகளின் விளைவே அவ்வெறிவுகள்.

மற்றைத் திறத்தினரோ ஆட்டத்தை விடுத்து ஆளின் நெஞ்சத்தை அளக்கப் புகுந்தவர். ‘மென்மையர்’ என்ற சொல்லால் எவர் எதனைத் திருத்திக்கொள்ளல் கூடும்? அஃது ஆராய்ச்சியன்று, தோல்வியால் எழுந்த நமது மனநோவை மற்றொருவர் தலையிற் சுமத்துதலே.

சன் அன்ரோனியோவின் ரிம் டங்கனோடு அவரை ஒப்பிடின் முடிபு யாதென வினவுவார்க்கும் விடை கூறல் கடன். எதிரியைத் தடுத்தல், வளையத்தைக் காத்தல், புள்ளி சேர்த்தல் ஆகிய யாவற்றையும் ஒருங்கே நோக்கின் டங்கனே மேலானவர் என்பது என் துணிபு. அவர் ஐந்து வாகைகள் சூடியமை பற்றி இவ்வாறு கூறுகின்றேனல்லேன். களத்தின் இரு முனையிலும் அவர் ஆற்றிய பணிபற்றியே கூறுகின்றேன். ஆயின், நெடியவர் ஒருவர் தொலைவில் நின்று எறியும் கலையில் நொவிற்ஸ்கியே வழிகாட்டி. ஓய்வுபெற்ற நாளில் 31,560 புள்ளிகளுடன் அச்சங்கத்தின் வரலாற்றில் ஆறாமிடத்தில் நின்றார். 2001 முதல் 2011 வரை பதினொரு பருவங்கள் தொடர்ந்து ஐம்பதுக்குக் குறையாத வெற்றிகளை டலஸ் அணி பெற்றது. துணைவர் பலர் மாறியும் மாறாது நின்றவர் இவரொருவரே. இக்கணக்கு 2006 இலும் பெரும்பாலும் கண்முன்னே இருந்தது. காணவல்லார்க்கு வாகை வேண்டியிருந்திலது.

இன்னுமொன்று. வாகை சூடிய அவ்வாறாம் ஆட்டத்தின் முற்பாதியில் நொவிற்ஸ்கி எறிந்த பன்னிரண்டு பந்துகளில் ஒன்றே கூடையில் வீழ்ந்தது. அந்நேரம் அணியைத் தாங்கியவர் ஜேசன் ரெரி. அவ்வாட்டத்தில் 27 புள்ளிகள் ஈட்டினார். துணைவர் தாங்கிய அப்பாதியில் அவர் தாங்கத் தவறியிருப்பின், பழைய வசையே நொவிற்ஸ்கிக்கு மீண்டும் வந்திருக்கும். ஒருவர்மீதான நமது தீர்ப்பு, மற்றொருவர் எறிந்த பந்து வீழ்ந்ததா இல்லையா என்பதில் தொங்குமாயின், அத்தீர்ப்பின் மதிப்பு யாது?

இவற்றையெல்லாம் இம்மலரில் எழுதுவதற்குக் காரணமுண்டு. யான் மாணவனாயிருந்த காலத்து, எமது மைதானத்தில் ஓராட்டத்தின் இறுதியில் இரண்டு தண்ட எறிவுகளையும் தவறவிட்டான் ஒரு மாணவன். அன்று எம்மணி பெற்ற புள்ளிகளிற் பாதிக்குமேல் ஈட்டியவனும் அவனே. மறுநாட் காலை வகுப்பறையில் அவனுக்குப் ‘பயந்தாங்கொள்ளி’ எனப் பெயரிட்டோம். அவன் முழங்கையை விரித்து எறிகின்றான், அதனாற் பந்து பக்கஞ் சாய்கின்றது என்பதை ஒருவரேனும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பின் ஒரு வாரத்திலே திருத்தியிருப்பான். அடுத்த ஆண்டு அவன் களத்திற்கு வரவில்லை. பெயரிட்டோருள் யானும் ஒருவன்.

டலஸ் மாநகரிற் குறை கூறியோர் பலராயினும் அணியினர் தம் வீரரைக் கைவிட்டிலர். 2010 இற் பிற அணிக்குச் செல்லும் உரிமை இருந்தும் அவரும் அணியைக் கைவிட்டிலர். அதனாற் பதின்மூன்றாம் பருவத்தில் வாகை வந்தது. எமது மைதானத்திலோ இரண்டாம் ஆண்டிற்கே நாம் இடமளித்திலோம்.

ஆகவே, வாதம் புரிதல் வேண்டாமென யான் கூறேன். வாதமில்லா மைதானம் உயிரில்லா மைதானம். பழைய மாணவரும் இன்றைய மாணவரும் நன்றாக வாதாடுக. ஆயின், வீரன் ஒருவனின் கையையும் காலையும் பற்றி வாதாடுக. அவன் நெஞ்சத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் சற்றே பொறுத்திருக்க. கை தவறின் பயிற்சியால் திருந்தும். நம் நாவால் ஒடிந்த நெஞ்சம் மீண்டும் களத்திற்கு வருதல் அரிது.