பொது நினைவகமும் பிழையான கூட்டலும்

அந்தமானில் ஸ்ரீ விஜயபுரத்தையடுத்த சிப்பிகாட் போன்ற ஊர்களுக்கு 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்த கடலடிக் கம்பிவடத்தால் செய்தித் தொடர்பு விரைவுற்றது. ஆயினும், கணிப்பொறிக்கு மேலும் நினைவகம் வேண்டுமாயின், அது இன்றும் கப்பலிலோ விமானத்திலோதான் வந்து சேர வேண்டும். எனவே, "நினைவகம் போதவில்லை" என்று கோரிக்கை எழுதுமுன் உள்ளதைச் சரிவரக் கணக்கிடுதல் கடமையாகும்.

லினக்ஸ் முறையில் இயங்கும் சர்வர்கள் பலவற்றில், ஒரு தாய்ச் செயல்முறை 'ஃபோர்க்' என்னும் அழைப்பின் வாயிலாகப் பல சேய்களைத் தோற்றுவிக்கின்றது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இத்தகையதே. சேய் தோன்றும்போது தாயின் நினைவகம் முழுவதும் படியெடுக்கப்படுவதில்லை. பக்கங்கள் இரண்டுக்கும் பொதுவாகவே நிற்கின்றன. ஏதேனும் ஒன்று ஒரு பக்கத்தில் எழுத முற்படும்போதுதான், பெரும்பாலும் 4 கிலோபைட் அளவுள்ள அந்த ஒரு பக்கத்தைக் கெர்னல் தனியே படியெடுத்துத் தருகின்றது.

பிழை நேர்வது கூட்டலில்தான். ஒரு குளத்து நீரைப் பத்து உழவர் பொதுவிற் பயன்படுத்துகின்றனர் என்க. ஒவ்வொருவர் கணக்கிலும் அக்குளம் முழுமையாக எழுதப்படின், ஊரில் பத்துக் குளங்கள் இருப்பதாகக் கணக்குக் காட்டும். ஆர்.எஸ்.எஸ். என்னும் வழக்கமான அளவும் இத்தகையதே. தாயிடம் 200 மெகாபைட்டும், பத்துச் சேய்களிடம் தனித்தனியே 20 மெகாபைட்டும் இருப்பதாகக் கொள்வோம். சேய்கள் தாயின் பக்கங்கள் அனைத்தையும் பகிர்ந்துகொள்ளுமாயின், ஆர்.எஸ்.எஸ். கூட்டல் 2,400 மெகாபைட் எனக் காட்டும். உண்மைச் செலவோ 400 மெகாபைட்டே.

பொதுப் பக்கத்தைப் பங்கிட்டுக் கணக்கிடும் பி.எஸ்.எஸ். என்னும் அளவு 2008ஆம் ஆண்டு முதல் லினக்ஸ் கெர்னலில் உள்ளது. அதனைக் கூட்டின் சரியான தொகை கிடைக்கும். இவ்வளவையே அலுவலகங்கள் அடிப்படையாகக் கொள்ளுதல் வேண்டும்.

எனினும், பகிர்வு நிலையானதன்று. பைத்தான் போன்ற மொழிகளில் ஒரு பொருளைப் படிப்பதற்கும் அதன் மேற்கோள் எண்ணிக்கை மாற்றி எழுதப்படுவதுண்டு. அதனால் பொதுப் பக்கங்கள் நாளடைவில் தனிப் பக்கங்களாகப் பிரிகின்றன. ஆதலின், சர்வரைத் தொடங்கிய உடனே எடுத்த அளவை நம்பலாகாது; வேலை மிகுந்த நேரத்திலும் அளத்தல் வேண்டும். பொதுவான நிரற்பகுதிகளைச் சேய்கள் தோன்றுமுன்பே தாயில் ஏற்றிவிடுதலும் சிக்கனம் தரும்.

2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த ஆழிப்பேரலைக்குப்பின் சிப்பிகாட்டின் வயல்களிற் கடல்நீர் தேங்கி நின்றது. எஞ்சிய நிலத்தைச் சரியாக அளப்பதன் அருமையை அவ்வூரார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வுணர்வையே கணிப்பொறிப் பாடத்திலும் ஆசிரியர் மாணவர்க்கு ஊட்டுவாராக. உள்ளதை அறிந்தபின் கேட்கும் கோரிக்கையே மறுக்கவியலாத கோரிக்கையாகும்.