பனி போனால் பறவை வரும், புதர் போனால்?

பெயர் ‘புதிய காடு’. வயதோ தொள்ளாயிரத்துக்கு மேல்! இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ‘நியூ பாரஸ்ட்’ காட்டை, 1079-ம் ஆண்டில் வில்லியம் மன்னர் தம் வேட்டைக்காக ஒதுக்கி வைத்தார். இன்று அங்கே குளிர்காலத்தில் பலர் பறவை பார்க்கப் போகிறார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை; தொலைநோக்கி இருக்கிறது.

அந்தக் காலத்தில் பகல் சுமார் எட்டு மணி நேரந்தான். ஓக், பீச் மரங்கள் இலை உதிர்த்து நிற்கும். அதனால் கிளையில் அமரும் சிறு குருவியும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நார்வே, ஸ்வீடன் நாடுகளிலிருந்து விருந்தாளிப் பறவைகள் வந்து, பழங்களைத் தின்னும். வசந்தம் வந்ததும் அவை ஊர் திரும்பிவிடும்.

மரங்களைத் தாண்டினால் திறந்த புதர்வெளி. அதை ‘ஹீத்’ என்பார்கள். அங்கே ‘கார்ஸ்’ என்னும் முட்புதருக்குள் ஒரு சின்னஞ்சிறு பறவை வாழ்கிறது. அதுதான் டார்ட்போர்டு கதிர்க்குருவி. எடை சுமார் 10 கிராம். குளிருக்குப் பயந்து அது ஊரை விட்டு ஓடுவதில்லை. புதரில் கிடைக்கும் பூச்சியையும் சிலந்தியையும் தின்றே குளிர்காலத்தைக் கழிக்கிறது.

1962 டிசம்பர் கடைசியில் விழத் தொடங்கிய பனி, 1963 மார்ச் வரை நீடித்தது. குருவிகள் பட்டினியால் மடிந்தன. பிரிட்டனில் மிஞ்சியவை ஏறக்குறைய பத்து ஜோடிகளே! ஆனாலும் அந்த இனம் மீண்டது. 2006 கணக்கெடுப்பில் 3,000 ஜோடிகளுக்கு மேல் இருந்தன.

எப்படி மீண்டது? பனி உருகியபோது, திரும்பி வாழப் புதர் இருந்தது.

அந்தப் புதர்தான் இப்போது அரிதாகிவிட்டது. 1800-ம் ஆண்டிலிருந்து கணக்கிட்டால், இங்கிலாந்தின் தாழ்நிலப் புதர்வெளியில் 80 சதவீதத்துக்கு மேல் அழிந்துவிட்டது. ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்று சொல்லி அதை உழுதார்கள், வீடு கட்டினார்கள், மரமும் நட்டார்கள்.

மரம் நடுவது நல்ல காரியந்தான். ஆனால் எல்லா இடத்திலும் அது நல்லதல்ல. புதர்வெளியில் மரம் மண்டினால், கதிர்க்குருவிக்கு இடமில்லை. ஆகவேதான் நியூ பாரஸ்டில் மட்டக் குதிரைகளை மேய விடுகிறார்கள்; முளைத்து வரும் மரக்கன்றுகளை வெட்டி அகற்றுகிறார்கள்.

பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் கடமை உண்டு. பாதையை விட்டு விலகக் கூடாது. நாயை அவிழ்த்து விடக் கூடாது. குளிர் நாளில் பயந்து பறக்கும் குருவி, உயிர் காக்கும் தெம்பை இழக்கிறது.

குளிர் கொன்ற இனம் மீண்டும் பெருகும். குடியிருந்த புதரையே மனிதன் அழித்துவிட்டால், அது எங்கே வந்து பெருகும்?